கப், கைப்பிடி, கட்டு: சமையல் தழைகளின் அளவைக் கிராமுக்கு மாற்றும் முழுமையான வழிகாட்டி

புதினா 2 கப், கொத்தமல்லி ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை 4 இணுக்கு என்று எழுதப்பட்ட குறிப்பு நான்கு பேருக்குச் சமைக்கும்வரை எந்தத் தொல்லையும் தருவதில்லை. அதே குறிப்பை அறுபது பேர் சாப்பிடும் விசேஷத்துக்கோ, பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொடிக்கோ கொண்டுபோகும்போதுதான் ஒவ்வொரு முறையும் சுவை மாறுகிறது. அரிசியையும் பருப்பையும் கப்பில் அளந்தால் எடை பெரிதாக மாறாது. தழை அப்படியன்று, கப்பில் இருப்பதில் பெரும்பகுதி காற்று என்பதால், நிரப்பும் கை மாறினாலே எடை மாறிவிடும்.

ஆகவே “ஒரு கப் தழை இத்தனை கிராம்” என்ற ஒற்றை எண்ணைத் தேடுவதில் பயனில்லை. எந்தத் தழை, எந்த நிலையில், எந்தப் பாத்திரத்தில், எப்படி நிரப்பப்பட்டது என்ற நான்கையும் உறுதிசெய்த பிறகே எடை என்பதற்குப் பொருள் உண்டு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. புதியவர்கள் பெரும்பாலும் நேராக ஐந்தாம் படிக்குப் போய்விடுகிறார்கள். கணக்கு பிசகுவதற்கு அதுவே முதற்காரணம்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றும், 0.1 கிராம் அல்லது அதைவிட நுட்பமாகக் காட்டும் சிறிய தராசு ஒன்றும் வேண்டும். முதலாவது பச்சைத் தழைக்கு. இரண்டாவது உலர்ந்த தழைக்கும் பொடிக்கும். ஒரே தராசால் இரண்டையும் செய்ய முயன்றால், 1 கிராம்கூடத் தேறாத ஒரு ஸ்பூன் உலர்ந்த இலையை அளக்க வழியே இருக்காது.

வழக்கமாகப் பயன்படுத்தும் கப், டம்ளர், ஸ்பூன்கள், தலைதட்டுவதற்கு நேரான விளிம்புள்ள கத்தி, முறம், உலர்ந்த பருத்தித் துணி, ஒரு குறிப்பேடு ஆகியவை மற்றவை. தழையைக் குறைந்தது மூன்று கப் தனித்தனியாக நிரப்பப் போதுமான அளவில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே இலையைக் கொட்டிக் கொட்டி மறுபடி நிரப்பினால், அது கசங்கித் தொய்ந்து, ஒவ்வொரு முறையும் முன்பைவிட அடர்த்தியாகப் படியும். மூன்றாவது அளவு முதலாவதோடு ஒப்பிடத் தகுந்ததாக இராது.

1. குறிப்பு எந்த நிலையில் இருக்கும் இலையைச் சொல்கிறது என்று முடிவுசெய்தல்

“நறுக்கிய கொத்தமல்லி ஒரு கப்” என்பதும் “கொத்தமல்லி ஒரு கப், நறுக்கியது” என்பதும் வேறுவேறு. முதலாவதில் நறுக்கிய பிறகு அளக்கிறோம். இரண்டாவதில் அளந்த பிறகு நறுக்குகிறோம். எழுதியவர் இந்த வேறுபாட்டை நினைத்து எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே அவர் அருகில் இருந்தால் கேட்டுவிடுவதும், இல்லையென்றால் அந்தப் பதார்த்தத்தை ஒருமுறை சிறிய அளவில் செய்து பார்த்து முடிவெடுப்பதும் நல்லது.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணையே காட்டுகிறது. பேசில், அதாவது நம் திருநீற்றுப்பச்சிலை, முழு இலையாகக் கால் கப் 6 கிராம். ஆகக் கப்புக்கு 24 கிராம். நறுக்கியதோ 2 டேபிள்ஸ்பூனுக்கு 5.3 கிராம், கப்புக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 42 கிராம். இலை ஒன்றுதான், கப்பும் ஒன்றுதான். நறுக்கியதால் மட்டுமே எடை ஒன்றே முக்கால் மடங்காகிவிட்டது.

அதே அட்டவணையில் கொத்தமல்லித்தழை கப்புக்கு 16 கிராம், நறுக்கிய முருங்கைக்கீரை 21 கிராம், நறுக்கிய பார்ஸ்லி 60 கிராம். பார்ஸ்லி பார்ப்பதற்குக் கொத்தமல்லி போலவே இருப்பதால், ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் கிடைக்கும் அதன் எண்ணைக் கொத்தமல்லிக்குப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு தழை பாத்திரத்துக்குள் போகும். அச்சிட்ட அட்டவணை, நம் அளவு நம்பத்தகுந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட உதவும். நம் அளவுக்கு மாற்றாக அதைக் கொள்ளக் கூடாது.

ஆகவே குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியது எண்ணை அன்று, நிலையை: “ஆய்ந்தது, முழு இலை, அழுத்தாதது” அல்லது “இளந்தண்டுடன், பொடியாக நறுக்கியது, மெதுவாக அழுத்தியது” என்பதுபோல.

2. தராசைச் சோதித்தல்

தராசைச் சமமான, அசையாத மேடையில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சிறிய தராசில் காற்று பட்டாலே கடைசி இலக்கம் நிலைகொள்ளாது.

அடுத்து, எடை தெரிந்த பொருள் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அறிமுகமான மளிகைக் கடையில் முத்திரையிட்ட எடைக்கல் இருந்தால், தராசை அங்கே எடுத்துச் சென்று ஒப்பிடுவதே நேரான வழி. தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒரே எண் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் அறியாத ஒரு தொல்லை இங்கே உண்டு. பல டிஜிட்டல் தராசுகள் பூஜ்யத்துக்கு அருகில் நிகழும் மிகச் சிறிய மாற்றத்தைத் தூசி அல்லது வெப்பநிலை மாற்றம் என்று கருதி, தாமாகவே மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிக்கொள்ளும். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு உலர்ந்த புதினாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால், தூவியதன் ஒரு பகுதி கணக்கிலேயே வராது. இதைத் தவிர்க்க, கிண்ணத்தின் எடையைப் பூஜ்யமாக்காமல் எழுதி வைத்துக்கொண்டு இறுதியில் கழித்துவிட வேண்டும். அல்லது முழு அளவையும் வேறொரு தாளில் சேர்த்து ஒரே தடவையாகக் கொட்ட வேண்டும்.

3. கப்பையும் ஸ்பூனையும் தண்ணீரால் அளந்துகொள்ளுதல்

ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால், பாத்திரத்தின் கொள்ளளவை அறிய இதைவிட எளிய வழி இல்லை. காலிப் பாத்திரத்தை எடை போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போட்டால், வித்தியாசமே மில்லிலிட்டரில் கொள்ளளவு. ஸ்பூனுக்கு மட்டும் பத்து ஸ்பூன் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடை பார்த்துப் பத்தால் வகுக்க வேண்டும். தண்ணீர் விளிம்புக்கு மேல் குவிந்து நிற்பது ஸ்பூனுக்கு ஸ்பூன் கூடிக் குறைவதால் வரும் பிழை அப்போது குறைந்துவிடும்.

இந்தப் படி ஏன் வேண்டும் என்றால், கப் என்ற பெயரில் பல அளவுகள் நடமாடுகின்றன. மெட்ரிக் கப் 250 மி.லி.; அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மி.லி.; ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி. அடுத்தவர் வீட்டுக் காபி டம்ளர் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய குறிப்புகளில் வரும் ஆழாக்கும் உழக்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்ற உறவு உதவும். ஆனால் பாட்டி வீட்டு ஆழாக்கு கையில் இருந்தால் அதையே தண்ணீரால் அளப்பதுதான் சரி.

டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி. என்பது பரவலான வழக்கம். ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் 20 மி.லி.; அங்கே வாழும் உறவினர் அனுப்பும் குறிப்பை மாற்றும்போது இது நினைவில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் இருக்கும் ஸ்பூன்கள் இவற்றில் எதற்கும் கட்டுப்பட்டவையல்ல.

4. தழையை அளவுக்குத் தயார்செய்தல்

இந்தப் படியில் வரிசைதான் முக்கியம்: முதலில் வாங்கிய எடை, பிறகு ஆய்தல், பிறகு கழுவுதல், பிறகு ஈரம் போக்குதல், இறுதியாக ஆய்ந்த எடை.

வாங்கி வந்த கட்டை வேருடனும் மண்ணுடனும் அப்படியே எடை போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கடையில் எவ்வளவு வாங்குவது என்பதற்கு இந்த எண் பின்னால் தேவைப்படும். ஆய்ந்துவிட்ட பிறகு இதை மீட்க முடியாது. அடுத்து வேர், முற்றிய தண்டு, பழுத்த இலை ஆகியவற்றை நீக்க வேண்டும். கொத்தமல்லியில் இளந்தண்டைச் சேர்ப்பதா இல்லையா என்பதை இங்கேயே முடிவுசெய்து எழுதிவிட வேண்டும், ஏனெனில் தண்டு இலையைவிட அடர்த்தியாகப் படிந்து கப்பின் எடையைக் கூட்டும். புதினாவில் இலையை மட்டும் கிள்ளுவதே பொதுவழக்கம். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவிய பிறகே அளக்க வேண்டும்.

கழுவிய தழை தன் மேற்பரப்பில் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு எடை போட்டால், தண்ணீரைத் தழை என்று எழுதிவிடுகிறோம். நன்றாக உதறி, துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, கையில் ஈரம் ஒட்டாத நிலை வந்ததும் உடனே எடை போட வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் தவறு நேரலாம்: அவசரப்பட்டால் ஈரம் எடையைக் கூட்டும், விசிறிக்கடியில் நெடுநேரம் விட்டால் இலையின் உள்நீர் போய் வாடி, எடையும் குறையும், கப்பில் படியும் விதமும் மாறும். வாடத் தொடங்கிய தழையில் எடுத்த அளவைச் சேர்க்காமல் விட்டுவிடுவதே நல்லது.

ஆய்ந்த எடையை வாங்கிய எடையால் வகுத்தால் கிடைப்பது தேறும் விகிதம். 1000 கிராம் புதினாக் கட்டில் 550 கிராம் இலை தேறினால், விகிதம் 0.55.

5. நிரப்பி எடை போடுதல்

நிரப்பும் முறைகளை மூன்றாக வகுத்துக்கொண்டால் போதும். அழுத்தாதது என்றால், இலையைக் கப்பின் மேலிருந்து தானாக விழவிட்டு, விளிம்புக்கு மேல் துருத்தி நிற்பதைக் கையால் தள்ளிவிடுவது. மெதுவாக அழுத்தியது என்றால், விரல் நுனிகளால் ஒருமுறை அமர்த்தி மீண்டும் நிரப்புவது. இறுக்க அழுத்தியது என்றால், உள்ளங்கையால் இனி இறங்காது என்னும்வரை அழுத்துவது. மூன்றில் நம்பத்தகுந்த முடிவைத் தருவது நடுவில் உள்ளதுதான் என்பது என் கருத்து. அழுத்தாத அளவு இலையின் வடிவத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இறுக்க அழுத்தியதோ அழுத்துபவரின் பலத்தைப் பொறுத்து மாறுகிறது. இருப்பினும் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதையே பின்பற்ற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் புதிய இலையால் நிரப்பி, மூன்று தடவை எடை போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாடு சராசரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், நிரப்பும் கை இன்னும் ஒரே சீராக வரவில்லை என்று பொருள். மூன்றையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஒத்துவராத ஓர் எண்ணை மட்டும் அடித்துவிட்டு மற்ற இரண்டை வைத்துக்கொள்வது சரியன்று, ஏனெனில் அந்த ஒன்றுதான் உண்மையான ஏற்ற இறக்கத்தைக் காட்டியிருக்கலாம்.

கப்பின் எடையைப் பதினாறால் வகுத்து டேபிள்ஸ்பூனுக்கு எழுதிவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. பொடிக்கு இது ஏறக்குறையச் சரிவரும். முழு இலைக்குச் சரிவராது. கப்பில் இலைகள் தம் பாரத்தால் ஒன்றன்மேல் ஒன்று அமர்கின்றன. ஸ்பூனிலோ நான்கைந்து இலைகள் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. குறிப்பு ஸ்பூனில் சொன்னால் ஸ்பூனிலேயே பத்து முறை எடுத்து, மொத்தத்தை எடை போட்டு வகுக்க வேண்டும்.

6. கைப்பிடி, கட்டு, இணுக்கு

கைப்பிடி என்பது குறிப்பைச் சொன்னவரின் கை. அவரையே ஐந்து முறை அள்ளிப் போடச் சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனியே எடை போடுவதுதான் ஒரே வழி. அளக்கிறோம் என்று தெரிந்தால் அவர் கவனமாக, வழக்கத்துக்கு மாறாக அள்ளுவார். சமைத்துக்கொண்டிருக்கும்போதே, அள்ளியது பாத்திரத்தில் விழுவதற்கு முன் ஒரு தட்டில் வாங்கி எடை பார்த்துவிட்டுப் போடுவது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

கட்டின் அளவு சந்தைக்குச் சந்தை, பருவத்துக்குப் பருவம் மாறுவது. ஆகவே கட்டை ஓர் அலகாகவே கொள்ளாமல், அன்றைய கட்டின் ஆய்ந்த எடையை எழுதிவிட வேண்டும். இணுக்கு ஓரளவு நிலையானது. இருபது இணுக்கை உருவி மொத்த இலையை எடை போட்டு வகுத்தால் பயன்படும் எண் கிடைத்துவிடும்.

7. உலர்ந்த தழையும் பொடியும்

உலர்ந்த இலையில் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பது. முன்சொன்ன அட்டவணையில் உலர்ந்த பேசில் இலை ஒரு டீஸ்பூன் 0.7 கிராம், அதே இலையின் பொடி 1.4 கிராம், அதாவது சரியாக இரு மடங்கு. உலர்ந்த கொத்தமல்லித்தழை டீஸ்பூனுக்கு 0.6 கிராம். கொத்தமல்லி விதையோ 1.8 கிராம். குறிப்பில் வெறுமனே “மல்லி” என்று இருந்தால், அது தழையா விதையா தூளா என்று தெளியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பொடியை அளக்கும்போது டப்பாவில் இறுகிப் படிந்திருப்பதை முதலில் ஸ்பூனால் கிளறித் தளர்த்த வேண்டும். பிறகு ஸ்பூனைக் குவிய நிரப்பி, தட்டாமல் அசைக்காமல், கத்தியின் விளிம்பால் தலைதட்ட வேண்டும். ஸ்பூனை டப்பாவின் ஓரத்தில் தட்டினால் பொடி உள்ளே இறங்கி இன்னும் கொஞ்சம் ஏற்றுக்கொள்ளும். வீட்டில் பெரியவர்கள் குவித்து எடுக்கும் பழக்கமுடையவர்களாக இருந்தால், குறிப்பின் ஒரு ஸ்பூன் தலைதட்டிய ஒரு ஸ்பூனைவிட வெகுவாகக் கூடுதலாக இருக்கும். அதையும் அப்படியே அளந்து “குவித்தது” என்று எழுத வேண்டும். நாமாகத் திருத்தக் கூடாது.

அரைத்த சூட்டில் உள்ள பொடியும் ஆறிச் சலித்த பொடியும் ஒரே கொள்ளளவில் ஒரே எடை காட்டமாட்டா. எப்போதும் ஆறிச் சலித்த பிறகே எடை போட வேண்டும்.

8. பச்சைக்குப் பதில் உலர்ந்தது

பச்சைத் தழை ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் உலர்ந்தது ஒரு டீஸ்பூன் என்ற மூன்றுக்கு ஒன்று விதி பலருக்கும் தெரியும். அது சுவையைக் கருத்தில் கொண்டு, கொள்ளளவுக்குச் சொல்லப்பட்ட விதி. இதை எடைக்குக் கொண்டுவந்து, “300 கிராம் பச்சை இலையை உலர்த்தினால் 100 கிராம் கிடைக்கும்” என்று கணக்கிட்டு, பொடிக்கு மூலப்பொருள் போதாமல் பாதியில் நிற்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எடையில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முடிவுசெய்வது இலையின் நீர்ச்சத்து மட்டுமே.

கணக்கு எளியது. பச்சை எடையிலிருந்து நீரைக் கழித்தால் உலர்பொருள். உலர்த்திய பிறகும் இலையில் சிறிது ஈரம் நிற்கும் என்பதால், அது 8 சதவீதம் என்று கொண்டு உலர்பொருளை 0.92-ஆல் வகுக்க வேண்டும். கறிவேப்பிலையில் நீர் ஏறக்குறைய 65 சதவீதம். 200 கிராம் இலையில் உலர்பொருள் 70 கிராம். உலர்ந்தபின் எடை ஏறத்தாழ 76 கிராம். கொத்தமல்லித்தழையில் நீர் 90 சதவீதத்தை ஒட்டி இருப்பதால், அதே 200 கிராமில் உலர்பொருள் 20 கிராம்தான். கையில் வருவது 22 கிராம் அளவே. கறிவேப்பிலைப் பொடி செய்து பழகியவர் அதே கணக்கில் கொத்தமல்லி வாங்கினால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இது வாங்குவதைத் திட்டமிடுவதற்கான மதிப்பீடு மட்டுமே. முதல் தடவை உலர்த்தும்போது, கையால் நொறுக்கினால் சருகாக உதிரும் நிலை வந்ததும் எடை பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு எடையும் ஒன்றாக இருந்தால் உலர்ந்துவிட்டது; அந்த எடையைப் பச்சை எடையால் வகுத்தால் கிடைப்பதே நம் சொந்த விகிதம்.

9. பெருக்கிக் கணக்கிடுதல்

நான்கு பேருக்கான துவையலுக்கு மெதுவாக அழுத்திய புதினா 2 கப் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அளவுகள் 30, 32, 31 கிராம் வந்திருந்தால், சராசரி 31. இரண்டு கப்புக்கு 62 கிராம். அறுபது பேருக்குப் பதினைந்து மடங்கு, ஆக ஆய்ந்த இலை 930 கிராம். தேறும் விகிதம் 0.55 என்றால், வாங்க வேண்டியது 930-ஐ 0.55-ஆல் வகுத்த 1691 கிராம், அதாவது 1.7 கிலோ.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, தேறும் விகிதத்தால் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடுவது. வாங்க வேண்டிய எடை எப்போதும் ஆய்ந்த எடையைவிடக் கூடுதலாகவே வரவேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இது உடனே பிடிபடும். மற்றொன்று, பெருக்குவதற்கு முன்பே எண்ணை முழுமையாக்கிவிடுவது. 31-ஐ 30 ஆக்கினால் இறுதியில் 30 கிராம் குறையும். பச்சைத் தழையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 0.7 கிராம் உலர்ந்த இலையை 1 கிராம் என்று எழுதினால், ஒவ்வொரு மடங்கிலும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். முழுமையாக்குவது கடைசி வரியில் மட்டும்: பச்சைக்கு 5 கிராமுக்கு அருகில், உலர்ந்ததற்கு 0.5 கிராமுக்கு அருகில்.

10. அட்டவணையாக எழுதிச் சமைத்துச் சரிபார்த்தல்

ஒவ்வொரு தழைக்கும் ஒரு வரிசை: பெயர், நிலை, பாத்திரமும் அதன் மில்லிலிட்டரும், நிரப்பிய முறை, மூன்று எடைகள், சராசரி, தேறும் விகிதம், அளந்த மாதம். சராசரியை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து அந்த எண் எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது.

பிறகு பழைய குறிப்பின்படி ஒரு பங்கும், கிராம் கணக்கின்படி ஒரு பங்கும் ஒரே நாளில், ஒரே கட்டுத் தழையில் செய்து, குறிப்புக்கு உரியவரையே சுவைக்கச் சொல்ல வேண்டும். அவர் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லிவிட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒன்றாம் படியைத்தான். எடையைவிட நிலையைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

விற்பனைக்குச் செய்பவர்களுக்கு இந்த அட்டவணை மற்றொரு வகையிலும் தேவை. பாக்கெட்டின் மேல் உட்பொருள்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. கப்பில் முதலிடத்தில் இருக்கும் தழை, எடையில் பருப்புக்கும் மிளகாய்க்கும் பின்னால் போய்விடக்கூடும்.

மழைக்காலத்தில் கட்டு மண்ணோடும் ஈரத்தோடும் வருகிறது; கோடையில் கடைக்கு வரும்போதே பாதி வாடியிருக்கிறது. தேறும் விகிதத்தை இவ்விரண்டு காலத்துக்கும் தனித்தனியே அளந்து எழுதுவதோடு, கப்பையோ ஸ்பூனையோ மாற்றும் நாளில் மூன்றாம் படியிலிருந்து புதிய வரிசை தொடங்க வேண்டும்.